தோல் இருக்கச் சுளை விழுங்கி

ஆம்பூரில் ராணுவக் கவிழ்ப்பு நடக்காது. எழுதியே தருகிறேன். நம் ராணுவம் ஒழுக்கமானது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கவிழ்க்க அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2018-ஆம் வருஷம். ஏதோ ஒரு தளபதிக்குப் புத்தி கெட்டுப்போய், ஆம்பூரைப் பிடித்தே தீருவது என்று கிளம்பிவிட்டார். பைபாஸில் டாங்கி வருகிறது. பிரியாணிக் கடை வாசலில் சிக்கிக்கொள்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து ஒருவழியாக நகராட்சி அலுவலகம் வந்து சேர்கிறார். கதவை உதைக்கக் காலைத் தூக்குகிறார். கதவு திறந்துதான் கிடக்கிறது.

"சேர்மன் எங்கே? கைது செய்ய வேண்டும்."

"சேர்மனா? 2016 அக்டோபரோட முடிஞ்சிபோச்சு சார்."

"கவுன்சிலர்கள்?"

"அவங்களும்தான்."

"எம்.எல்.ஏ.?"

"போன வருஷம் செப்டம்பர்ல தகுதி நீக்கம் பண்ணிட்டாங்களே. பேப்பர் பாக்கலையா?"

"அப்புறம் யாரய்யா இந்த ஊரை ஆள்வது?"

"தனி அலுவலர் சார். கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் போயிருக்காரு. அப்படி பெஞ்சுல உக்காருங்க."

தளபதி உட்கார்ந்திருப்பார். வேறு என்ன செய்வார்? நானே உட்கார்ந்தேன்.

எந்த ஊர் நகராட்சி என்று கேட்காதீர்கள். வேலூர் வட்டாரத்துத் தோல் தொழில் பட்டையில் அந்த வருஷம் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் அதே பெஞ்சுதான். எங்கள் தெருவில் கால்வாய் அடைத்துக்கொண்டு நாலு மாதம். சாக்கடை வீட்டுப்படி ஏறிவிட்டது. மனுவோடு போனேன். குமாஸ்தா ஒரு ஃபாரம் கொடுத்தார். அதில் ஒரு கட்டம்: வார்டு உறுப்பினர் பரிந்துரை, கையொப்பம்.

"வார்டு உறுப்பினர்தான் இல்லையே?"

"இல்லதான் சார். ஆனா கட்டம் இருக்குதே."

இதற்குமேல் ஜனநாயகத்தைப் பற்றி யாரும் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

ஆனாலும் எடுக்கிறார்கள். ராணுவக் கவிழ்ப்பைத் தடுப்பது எப்படி என்று குளிரூட்டிய அறையில் பேசுகிறார்கள். அவர்களுக்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. மாலியில் 2020-இல் ஒன்று, 2021-இல் இன்னொன்று. புர்க்கினா ஃபாசோவில் 2022 என்ற ஒரே வருஷத்தில் இரண்டு. நைஜரிலும் காபோனிலும் 2023-இல். மியான்மரில் 2021 பிப்ரவரி 1 காலை ஒரு பெண் கேமரா முன்னால் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் ராணுவ வண்டிகள் வரிசையாகப் போன காட்சியை உலகமே பார்த்தது. அந்த நாட்டுக்காரர்களுக்கு அந்த வீடியோவாவது இருக்கிறது. இந்தத் தேதியில், இந்த மணிக்கு எங்கள் ஓட்டைப் பிடுங்கினார்கள் என்று பேரனிடம் காட்டலாம். எங்களிடம் இருப்பது ஓர் அரசாணை நகல். அதுவும் மங்கல்.

கவிழ்ப்புக்கு முதலில் பூட்ஸ் வேண்டும் என்பார்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர் இது. ஆனால் எங்களுக்கு நடந்த கவிழ்ப்பு வெறுங்காலோடு வந்தது. கையில் ஃபைல் மட்டும்.

எப்படி வந்தது என்று பாருங்கள். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். அறிவித்த அவசரத்தில் ஓட்டை இருந்தது. எதிர்க்கட்சியான திமுக வழக்குப் போட்டது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. டிசம்பர் 31-க்குள் நடத்தி முடி என்றும் சொன்னது. எல்லோரும் சட்டப்படியே நடந்துகொண்டார்கள். அதுதான் பயங்கரம். டிசம்பர் வந்தது, போனது. அடுத்த டிசம்பரும் வந்து போனது. எந்த டிசம்பர் என்று ஆளுங்கட்சிக்கு விளங்கவில்லையோ என்னவோ. தனி அலுவலர்களின் காலத்தை ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று சட்டமன்றத்தில் நீட்டித்துக்கொண்டே போனார்கள். கந்துவட்டிக்காரன்கூட தவணை நீட்டிக்கும்போது ஒரு தடவை முகத்தைச் சுளிப்பான். இங்கே மேஜையைத் தட்டி நிறைவேற்றினார்கள்.

பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1993-இல் அதற்காகத்தான் 73, 74-ஆவது திருத்தங்கள் வந்தன. அதற்கு முன்பு நம் வண்டவாளம் தெரிந்ததுதானே. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு அடுத்த மேயரைத் தேர்ந்தெடுத்தது 1996-இல். இருபத்து மூன்று வருஷம். பல நாட்டுச் சர்வாதிகாரிகளுக்கே அவ்வளவு காலம் வாய்க்கவில்லை.

சரி, வார்டில்தான் ஆள் இல்லை, சட்டமன்றத்திலாவது இருந்தார்களா? ஆளுங்கட்சியான அதிமுகவின் உட்கட்சிச் சண்டையில், 2017 பிப்ரவரியில் கூவத்தூர் சொகுசு விடுதியில் இருந்தார்கள். பிறகு புதுச்சேரியில் இருந்தார்கள். பிறகு குடகில் இருந்தார்கள். தொகுதியைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தார்கள். செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார். அதில் ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் மூன்றும் அன்றைய வேலூர் மாவட்டத் தொகுதிகள். எந்த அணி நியாயம், எந்த அணி துரோகம் என்று நீதிமன்றத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் விவாதித்தார்கள். முதலில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு. பிறகு மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில், சபாநாயகர் செய்தது சரி என்றார். ஓட்டுப்போட்டவனைக் கூண்டில் ஏற்றி உனக்கு என்ன நஷ்டம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இருபது மாதம் ஆம்பூருக்கு எம்.எல்.ஏ. இல்லை. கவுன்சிலரும் இல்லை. ஊர் ஓடியது. ஷூ போனது, டாலர் வந்தது, சாக்கடை வீட்டுக்குள் வந்தது.

இதில்தான் மேலிடத்துக்கு ஒரு பெரிய உண்மை புலப்பட்டிருக்க வேண்டும்: இவர்கள் இல்லாமலேயே ஓடுகிறதே!

இப்போது 2019-க்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கை நடுங்கும்.

மக்களவைத் தேர்தல். வேலூரில் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. ஏப்ரல் 1 அன்று வருமான வரித்துறை ஒரு சிமென்ட் குடோனுக்குள் நுழைந்தது. மூட்டை மூட்டையாகப் பணம். பதினோரு கோடி ரூபாய்க்கும் மேல். திமுக பிரமுகர் ஒருவருக்கு வேண்டியவர்களின் இடம் என்றார்கள். இது அரசியல் பழிவாங்கல் என்றது திமுக. யார் பணம் என்ற சண்டையை அவர்களே போட்டுக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் கட்டுகளைப் பற்றி வந்த ஒரு செய்திதான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது. கட்டுகள் வார்டு வாரியாகப் பிரித்து, வார்டு எண் எழுதி வைக்கப்பட்டிருந்தனவாம்.

வார்டு வாரியாக!

இரண்டரை வருஷமாக வார்டுக்கு உறுப்பினர் கிடையாது. வார்டுக் கூட்டம் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் எந்த வார்டு என்று கேட்க நகராட்சியில் நாதி கிடையாது. வார்டு என்ற சொல்லே ஊரில் வழக்கொழிந்துபோயிருந்தது. அது உயிரோடு இருந்த ஒரே இடம் சிமென்ட் குடோன். அரசாங்கம் மறந்துபோன என் வார்டு எண்ணை யாரோ ஒரு மகராசன் ஞாபகம் வைத்து, கட்டுப் போட்டு, மேலே எழுதியும் வைத்திருக்கிறான். கால்வாய் மனுவை அந்தக் குடோனிலேயே கொடுத்திருக்கலாம்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தார். பணத்துக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் என்ற பெருமை வேலூருக்கு. 1806 சிப்பாய் எழுச்சிக்குப் பிறகு பாடப்புத்தகத்தில் ஏற வேலூருக்கு இன்னொரு வாய்ப்பு.

நியாயம்தானே, பணம் விளையாடினால் நிறுத்த வேண்டியதுதானே என்பீர்கள். பொறுங்கள். ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்களும் அதே ஏப்ரல் 18-ஆம் தேதிதான். அந்த இரண்டு தொகுதிகளும் வேலூர் மக்களவைத் தொகுதிக்குள்தான் இருக்கின்றன. அவை ரத்தாகவில்லை. ஜாம் ஜாம் என்று நடந்தன. அதே வாக்காளர், அதே வாக்குச்சாவடி, அதே வரிசை, அதே வெயில். ஆம்பூர்க்காரர் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும்போது விலைபோனவர். அதே நிமிஷம் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும்போது மாசற்ற குடிமகன். இடது கண்ணால் லஞ்சம் வாங்கி வலது கண்ணால் நேர்மையாகப் பார்க்கிற ஜனங்கள் உலகத்திலேயே இங்கேதான் இருக்கிறார்கள்.

மறுதேர்தல் ஆகஸ்ட் 5. பணம் சிக்கியதற்காக நிறுத்தப்பட்ட போட்டியில் முன்னணியில் யார் யார் நின்றார்களோ அவர்களேதான் மறுபடியும்: திமுகவின் கதிர் ஆனந்த், அதிமுக அணியின் ஏ.சி. சண்முகம். கதிர் ஆனந்த் 8,141 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் நாலு மாதம் காத்திருந்தார்கள். தண்டனை என்று பார்த்தால் அது அவர்களுக்கு மட்டும்தான். நாடாளுமன்றம் கூடியது, பட்ஜெட் போட்டது, எங்கள் நாற்காலி காலி. அந்த ஆகஸ்ட் 5-ஆம் தேதிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நாங்கள் இங்கே விரலில் மை வைத்துக்கொண்டிருந்த அதே நாள், தில்லியில் ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலத்தை யூனியன் பிரதேசங்களாக்கும் மசோதாவை எடுத்து வைத்தார்கள். அந்த மாநிலத்துச் சட்டப்பேரவையின் கருத்து என்ன என்று கேட்கப் பேரவை இருந்தால்தானே? 2018 நவம்பரிலேயே கலைத்தாயிற்று. ஆள் இல்லாத வீடாகப் பார்த்துத்தான் நம் நாட்டில் எப்போதும் முக்கியமான வேலைகள் நடக்கின்றன. அன்றைக்கு இரவு டிவியில் வேலூரைப் பற்றி ஒரு வரி. நியாயம்தான், காஷ்மீர்க்காரர்கள் நிலைமை எங்களைவிட மோசம்.

பத்து நாளில் அடுத்த பரிசு. சுதந்திர தினத்தன்று முதல்வர் அறிவித்தார்: வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும். நவம்பர் 28-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. கலெக்டர் ஒருவர் மூவரானார். எஸ்.பி. மூவரானார். காருக்கு மூன்று, பங்களாவுக்கு மூன்று. கவுன்சிலர் மட்டும் பூஜ்யத்தில் இருந்தார். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே.

அந்த டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மூன்று வருஷம் தாமதமாக வந்தாலும் டிசம்பர் டிசம்பர்தானே. ஆனால் எங்களுக்கு இல்லை. மாவட்டத்தைப் பிரித்துவிட்டதால் வார்டு எல்லையை மறுபடி வரைய வேண்டும் என்று ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு 27 மாவட்டங்களில் மட்டும், அதுவும் கிராமங்களில் மட்டும் நடந்தது. உங்களுக்கு நல்லாட்சி கொடுக்கத்தான் பிரித்தோம், பிரித்ததால்தான் தேர்தல் இல்லை என்று விளக்கம். மருந்து கொடுக்கத்தான் வந்தேன், வந்த வேகத்தில் மருந்துப் பாட்டிலைத் தட்டிவிட்டேன் என்கிற டாக்டர் மாதிரி. எங்கள் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-இல். ஐந்து வருஷம் நாலு மாதம். ஒரு முழுப் பதவிக்காலம், அதற்குமேல் கொசுறு. நடுவில் குடியாத்தம் எம்.எல்.ஏ. 2020 பிப்ரவரியில் காலமானார். கொரோனா காலம். 2021 மே வரை அந்த நாற்காலியும் காலி. வார்டிலும் ஆள் இல்லை, சென்னைக் கோட்டையிலும் ஆள் இல்லை. ஊரடங்கில் ஷூ கம்பெனியெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, அரிசி வேண்டும் என்று யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுகூடக் குடியாத்தம்காரருக்குத் தெரியாது.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு. பெண்களைப் பற்றியும் அதில் ஒன்று வரும், அதைச் சொன்னவனுக்குக் கண் சரியில்லை, விடுங்கள். ஜலகண்டேஸ்வரருக்கு 1981-இல் திரும்ப இடம் கிடைத்துவிட்டது. மற்ற காலிகள் அப்படியே இருக்கின்றன. பட்டியலில் கவுன்சிலர் இல்லாத வார்டைச் சேர்த்துக்கொண்டோம்.

உண்மையான ராணுவக் கவிழ்ப்பு எங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்த மண்ணில் அது குடிசைத் தொழிலாகவே இருந்திருக்கிறது. ஆற்காட்டு நவாபு தோஸ்து அலி 1740-இல் மராட்டியரோடு நடந்த சண்டையில் செத்தார். மகன் சப்தர் அலி 1742-இல் வேலூர்க் கோட்டையில் சொந்தக்காரன் முர்தசா அலியின் ஏற்பாட்டில் கொலையானார். அவருடைய சின்னப் பையனை 1744-இல் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் குத்தினார்கள். அடுத்து வந்த அன்வருதீனை 1749 ஆகஸ்டில் இதே ஆம்பூரில் சந்தா சாகிப்பும் முசாஃபர் ஜங்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தை வைத்து முடித்தார்கள். ஒன்பது வருஷத்தில் நாலு நவாபு. புர்க்கினா ஃபாசோவெல்லாம் எங்களிடம் பாடம் படிக்க வேண்டும். ஆனால் ஒன்று. அந்த நாலு தடவையும் யார் கவிழ்ந்தார், யார் கவிழ்த்தார் என்று குடிமக்களுக்குத் தெரிந்தது. பாண்டிச்சேரியில் உட்கார்ந்திருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கே தெரிந்தது, டைரியில் எழுதி வைத்தார். 2016-இல் எங்களைக் கவிழ்த்தது யார் என்று நான் டைரியில் எழுத உட்கார்ந்தால், மனு எண்ணும் மேல்முறையீட்டு எண்ணும்தான் வருகின்றன.

1806-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கவிழ்ப்பு என்றால் ஊரில் என்னை உதைப்பார்கள். அது புரட்சி. ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கையில். சண்டைக்குத் தூண்டுகோல் ஒரு தலைப்பாகை. புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்தான் வெள்ளைக்காரன். திருநீறு கூடாது, தாடி கூடாது என்றும் சொன்னான். தோல் எப்போதும் இந்த ஊரில்தான் வில்லங்கம் செய்யும். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று அடக்கினான். அந்த ரத்தத்தை யாரும் மறக்க வேண்டாம். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த வருஷம் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி, கொள்ளையடிக்கவே பிறந்த கம்பெனி, கவர்னர் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிராடக்கையும் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. ஒரு தொப்பிக்காக இரண்டு பெரிய தலைகள். ஐந்து வருஷம் தேர்தல் நடத்தாத குற்றத்துக்கு சுதந்திர இந்தியாவில் யாருடைய தொப்பி பறந்தது? ஒரு உதவிப் பொறியாளரைக்கூட இடம் மாற்றவில்லை. (பெண்டிங்க் இருபது வருஷம் கழித்து கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார். அந்த ஒரு நுணுக்கத்தை மட்டும் நம்மவர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள்.)

மேலே தில்லியிலிருந்தும் நமக்குக் கவிழ்ப்பு வரும். அது இறக்குமதிச் சரக்கு. 1976 ஜனவரி 31, கருணாநிதி ஆட்சி. 1980 பிப்ரவரி 17, எம்.ஜி.ஆர். ஆட்சி. 1988 ஜனவரி 30, ஜானகி ஆட்சி. 1991 ஜனவரி 30, மறுபடி கருணாநிதி. நாலில் இரண்டு காந்தி நினைவு நாளில். பகலில் ராஜ்காட்டில் மாலை, அதே நாளில் 356-ஆவது பிரிவில் கையெழுத்து. 1991-இல் கவர்னர் பர்னாலா அறிக்கை கொடுக்க மறுத்துவிட்டார். பரவாயில்லை, சட்டத்தில் கவர்னர் அறிக்கை 'அல்லது வேறு வகையில்' என்று இருக்கிறதே என்று அந்த மூன்று சொல்லை வைத்தே முடித்தார்கள். துப்பாக்கி தேவைப்படவில்லை. 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை முக்கால்வாசி சாத்தியது. அதற்காகத் திராவிடக் கட்சிகள் மாநில சுயாட்சி மாநாடுகளில் உச்ச நீதிமன்றத்தைப் பாராட்டும். கை தட்டுவோம். தில்லி எங்கள் ஆட்சியைக் கலைக்கக் கூடாது என்கிற அதே வாய், ஊராட்சித் தலைவர் நாற்காலியில் பி.டி.ஓ.வை உட்கார வைத்துவிட்டு ஏப்பம் விடுகிறது. தில்லி கோட்டையை விழுங்கினால் கொலை. கோட்டை ஊராட்சியை விழுங்கினால் நிர்வாகக் காரணம்.

ஆளில்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்குப் பாலாறு சாட்சி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பாலாற்றில் தோல் ஆலைகள் போட்டதை உச்ச நீதிமன்றம் வந்துதான் அளந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது: கெடுத்தவன் காசு கட்டு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. 2001-இல் 29,193 குடும்பங்களுக்கு 26 கோடியே 82 லட்சம் என்றது. வகுத்துப் பாருங்கள். கிணறும் நிலமும் போன குடும்பத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். எனக்குக் கணக்கு வராது, ஆனாலும் ஒரு கணக்கைப் போடாமல் இருக்க முடியவில்லை. மூன்று மாவட்டத்து நிலத்தடி நீர் செத்ததற்கு 26 கோடி. ஒரு தேர்தலுக்கு ஒரு குடோனில் மட்டும் 11 கோடி.

அந்தத் தீர்ப்பு வந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உட்கார்ந்து, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் இழப்பீடு கொடு, அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூல் செய்துகொள், கண்காணிக்க ஒரு குழு போடு என்று சொல்ல வேண்டியிருந்தது. மறுபடியும் ஜனவரி 30! நடுவில் எத்தனை எம்.எல்.ஏ., எத்தனை அமைச்சர், எத்தனை தனி அலுவலர். 2015 ஜனவரி 31 நள்ளிரவு கடந்து ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கே ஓட்டு இல்லாதவர்கள். அவர்கள் பெயர் எழுதிய கட்டு எந்தக் குடோனிலும் இருந்திருக்காது.

கவிழ்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் கம்மவான்பேட்டை ஞாபகம் வரும். வேலூருக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர். கவிழ்ப்பைத் தடுக்க நிபுணர் வேண்டும் என்றால் அங்கே போய்க் கேட்கலாம். ஊர் முழுக்க பட்டாளம், ஒரு தடவைகூட யாரும் பஞ்சாயத்து ஆபீஸைக் கைப்பற்றியதில்லை. எல்லையில் துப்பாக்கி பிடித்தவர் லீவில் வந்து ரேஷன் கடை வரிசையில் பையோடு நிற்கிறார். நேரு 1947-க்குப் பிறகு தலைமைத் தளபதியின் பங்களாவில் பிரதமராகக் குடியேறி, யார் யாருக்கு சல்யூட் அடிக்க வேண்டும் என்று சொல்லாமல் சொன்னார். ராணுவம் அந்தக் குறிப்பைப் புரிந்துகொண்டது. பக்கத்து நாட்டில் 1958, 1977, 1999 என்று மூன்று தளபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். இங்கே ஒருவரும் வரவில்லை. பட்டாளத்துக்காரர் சொன்னபடி கேட்டார். சொன்னவர்கள்தான் சொன்னதைச் செய்யவில்லை.

அதிமுக காலத்தில்தானே அந்த ஐந்து வருஷம், ஆட்சி மாறியதும் சரியாகிவிட்டதே என்பீர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. நாற்காலியில் மறுபடி தனி அலுவலர்கள். இந்தத் தடவை திமுக ஆட்சி. 2016-இல் வழக்குப் போட்ட அதே கட்சி. எதிர்க்கட்சி வரிசையில் அவர்கள் உட்கார்ந்தபோது ஜனநாயகப் படுகொலை என்றிருந்தது, இந்தப் பக்கம் எழுந்து வந்ததும் வார்டு மறுவரையறை என்று ஆகிவிட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஊராட்சிகள் அதில் சேரவில்லை. தாமதமாகத் தேர்தல் நடந்த புண்ணியத்தில் எங்கள் கணக்கு 2026 அக்டோபரில்தான் முடிகிறது. தூக்குமேடை வரிசையில் பின்னால் நிற்பதிலும் ஒரு சௌகரியம் உண்டு.

2022 மார்ச்சில், புது கவுன்சிலர் பதவியேற்ற சூட்டோடு, நான் அந்தப் பழைய மனுவை எடுத்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனுஷர். டீ கொடுத்தார். மனுவின் மூலையில் பச்சை மையில் பெரிய கையெழுத்துப் போட்டு, கீழே வார்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அரசாங்கத் தாளில் என் வார்டு எண்ணை ஐந்தரை வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கொஞ்சம் நெஞ்சு அடைத்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

நகராட்சி அலுவலகம் போனேன். அதே பெஞ்சு, அதே குமாஸ்தா, தலை மட்டும் நரைத்திருந்தது. மனுவை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இது பழைய ஃபாரம் சார். செல்லாது. புதுசுல எழுதிக் குடுங்க."

புது ஃபாரத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தேன். திருப்பியும் பார்த்தேன்.

"வார்டு உறுப்பினர் கையெழுத்துப் போடுற கட்டம் எங்கய்யா?"

"அதுவா? அஞ்சு வருஷமா காலியாவே இருந்துச்சு. இன்னாத்துக்கு தண்டத்துக்கு இடத்த அடைக்குதுன்னு எடுத்துட்டாங்க சார்."